நம் ஊர்ப் பெண்ணுக்கு எத்தனை மதிப்பெண்?



என் வாழ்நாளில் பெரும்பகுதியை விடைத்தாள் திருத்துவதிலேயே கழித்தவன் நான். சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைத்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் எதைக் கண்டாலும் இதற்கு எத்தனை மதிப்பெண் தரலாம் என்று எண்ணும் பழக்கம் என்னை விட்டபாடில்லை. காலையில் வீட்டில் குடிக்கும் காப்பிக்குக்கூட மதிப்பெண் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். அத்தகைய நான், ஒரு பெருங்கூட்டத்தின் நடுவே கேள்வித்தாளையே படிக்காமல் மதிப்பெண் வழங்கிவிட்ட கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

வியாசர்பாடியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊக்கம் ஊட்டவேண்டும் என்ற ஆசையில், "கேரம் ஆடிய பெண்களிலேயே நம் வியாசர்பாடி இளவழகிக்கு நிகரானவர் உலகில் எவரும் இலர்" என்று முழங்கினேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. விழா முடிந்து படியிறங்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். வலக்கை ஆட்காட்டி விரலின் நகத்தடியில் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருந்தது. கேரம் ஆடும் பிள்ளை என்று கண்டுகொண்டேன். "ஐயா, ரஷ்மி குமாரி எத்தனை முறை உலகப் பட்டம் வென்றிருக்கிறார்கள்?" என்று பணிவாகக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "நீயே சொல், பார்ப்போம்" என்றேன். ஆசிரியர்கள் தப்பித்துக்கொள்ளும் வழி அது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே! "மூன்று முறை, ஐயா" என்று சொல்லிவிட்டு வணங்கிப் போய்விட்டாள்.

அன்று முதல் நான் தேடியும் கேட்டும் அறிந்தவற்றைக் கொண்டு அந்த விடைத்தாளை மறுபடியும் திருத்தப் போகிறேன். இளவழகியை எந்த இடத்தில் வைப்பது? இதுவே கேள்வி.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது. வியாசர்பாடி என்றால் வெளியூரார்க்கு நினைவு வருவது நெரிசலும் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் மழைநீருந்தான். பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் சங்கொலி கேட்டு எழுந்தவர்களும், துறைமுகத்திலே மூட்டை சுமந்தவர்களும், இரயில்வே பணிமனைகளில் இரும்போடு உழைத்தவர்களும் வாழ்ந்த ஊர் இது. அந்த ஆலை 1996ஆம் ஆண்டோடு மூடப்பட்டது. சங்கு நின்றது, விளையாட்டு நிற்கவில்லை. முல்லை நகர்ப் பக்கம் மாலையில் போனால் பந்து உதைக்காத பிள்ளையைக் காண்பது அரிது. இவ்வூரைக் குட்டி பிரேசில் என்றே அழைக்கிறார்கள். பந்தாட இடமில்லாத சந்துகளிலே கேரம் பலகை இருக்கும். மேலே தொங்கும் ஒரு விளக்கு, நான்கு முக்காலிகள், சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும் இருபது பேர். மன்றம் என்று பெயர்ப்பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மன்றந்தான்.

அத்தகைய தெருவொன்றில் 1984ஆம் ஆண்டில் பிறந்தவர் இளவழகி. தந்தையார் மீன்பாடி வண்டி ஓட்டிப் பிழைத்தவர். இருவர் படுத்தால் மூன்றாமவர் உட்கார்ந்திருக்கவேண்டிய வீடுகள் நிறைந்த பகுதி அது. அங்கிருந்து புறப்பட்ட அந்தப் பெண் 2008ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கான் நகரில் நடைபெற்ற உலகக் கேரம் போட்டியில் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார். உலகத் திரைப்பட விழாவுக்குப் பெயர்போன நகரம் அது. செய்தி வந்த நாளில் எங்கள் ஆசிரியர் அறையில் நாளிதழ் கைக்குக் கை மாறியதை இன்றும் மறக்கவில்லை.

இனி ஆட்டத்தின் இயல்பைச் சொல்லவேண்டும். இதை அறியாமல் ஆடுவோரை எடைபோட இயலாது. பலகையின் ஆடுகளம் 74 செண்டிமீட்டர் சதுரம். கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ஒன்று, ஆகப் பத்தொன்பது காய்கள். ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேற்படலாகாது. ரெட் என்று நம் பிள்ளைகள் அழைக்கும் சிவப்புக் காயைப் போட்டால் அடுத்துத் தம் காயொன்றையும் போட்டு அதனை உறுதி செய்யவேண்டும். தவறினால் ரெட் மீண்டும் நடுவுக்கு வந்துவிடும். தம் ஒன்பது காய்களையும் முதலில் முடித்தவர், எதிரியின் காய்கள் பலகையில் எத்தனை எஞ்சியுள்ளனவோ அத்தனை புள்ளி பெறுவார். ரெட்டும் அவருடையதானால் மேலும் மூன்று. ஆகவே ஒரு பலகையில் ஒருவர் பெறக்கூடிய மிகுதியான புள்ளி பன்னிரண்டு. இருபத்தைந்து புள்ளியை முதலில் எட்டுபவர், அல்லது எட்டுப் பலகைகளின் முடிவில் முந்தி நிற்பவர், ஓர் ஆட்டத்தை வெல்வார். மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றால் வெற்றி.

இதில் ஒரு விந்தை உண்டு. முதலில் அடிப்பவர் கை தவறாமல் ஒரே முறையில் ஒன்பது வெள்ளையையும் ரெட்டையும் போட்டுவிட்டால், எதிரில் அமர்ந்தவருக்கு ஸ்ட்ரைக்கரைத் தொடும் வாய்ப்பே இல்லை. ஒயிட் ஸ்லாம் என்பது அது. உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் திறமை முழுவதும் உங்கள் விரலில் இருக்கிறது. ஆனால் எதிரி தவறும் வரை அதனால் ஒரு பயனும் இல்லை. கிரிக்கெட்டில் பந்து வீசித் தடுக்கலாம். சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் விடை உண்டு. கேரமில் சில வேளைகளில் பார்த்துக்கொண்டிருப்பதே ஆட்டம். எனவே மன அமைதியும் இங்கே விரலுக்குச் சமமான ஆயுதம்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். பட்டங்களை எண்ணிப் பார்ப்பது முதல் வழி. பீகாரைச் சேர்ந்த ரஷ்மி குமாரி மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர்; தேசியப் பட்டங்களோ பத்துக்கும் மேல். இளவழகி உலகப் பட்டம் வென்றது ஒருமுறை.

எங்கள் ஊர்ப் பந்தாட்டப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். உடனே ஒருவன், "ஐயா, பெலே உலகக் கோப்பையை மூன்று முறை வென்றார், மாரடோனா ஒருமுறைதான் வென்றார். அதற்காக மாரடோனா தாழ்ந்தவரா?" என்று மடக்கினான். நல்ல கேள்வி. ஆனால் பந்தாட்டத்தில் பதினொருவர் ஆடுகிறார்கள். 1958லும் 1962லும் 1970லும் பெலேயோடு நின்ற பிரேசில் வீரர்கள் எத்தகையவர்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 1962இல் இரண்டாம் ஆட்டத்திலேயே பெலே காயமுற்று விலகிய பின்னும் பிரேசில் கோப்பையை வென்றதல்லவா? ஆகவே அங்கே கோப்பையின் எண்ணிக்கை ஒருவருடைய அளவைச் சரியாகக் காட்டாது. கேரம் ஒற்றையர் ஆட்டத்திலே துணையாள் இல்லை. அங்கே எண்ணிக்கைக்கு எடை அதிகம். பையன் ஒத்துக்கொள்ளவில்லை, மாரடோனா படம் போட்ட சட்டையை அணிந்திருந்தான்.

எனினும் எண்ணிக்கையை அப்படியே கூட்டிக் கழித்துவிடலாகாது. உலகப் போட்டி ஆண்டுதோறும் வருவதன்று. ஏறக்குறைய நான்காண்டுக்கு ஒருமுறை வருவது. ஒரு பெண் தன் உச்சத் திறமையோடு இருக்கும் காலத்தில் இரண்டு வாய்ப்போ மூன்று வாய்ப்போதான் கிட்டும். ஒன்றில் காய்ச்சல் வந்தாலும் போயிற்று. அதைவிடப் பெரிய தடை, கேரமில் இந்தியப் பெண்களே உலகில் வலிமை மிக்கவர்கள் என்பது. இந்திய அணியில் இடம் பெறுவதே பாதி உலகப் பட்டம். அத்தகைய ஒருவர் கோலோச்சிய காலத்தில் உள்ளே நுழைந்து பட்டத்தை வியாசர்பாடிக்குக் கொண்டுவந்தவர் இளவழகி. அந்த ஒன்று எளிய ஒன்று அன்று. ஆனால் இதே காரணத்தால் ரஷ்மி குமாரியின் மூன்று இன்னும் பெரிதாகிவிடுகிறது என்பதையும் மறைக்க முடியாது. ஒருவர் விரலும் கண்ணும் பல ஆண்டு தளராமல் இருப்பது எத்துணை அரிது!

இவ்விடத்தில் நண்பர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். "அந்தப் பெண் பட்ட வறுமையைச் சேர்க்கவேண்டாமா?" என்கிறார்கள். அந்தச் சொல் என்னைச் சுடுகிறது. ஏன் என்று சொல்கிறேன். நான் தலைமையாசிரியராக இருந்தபோது பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மாவட்டப் போட்டியில் வென்று வந்தவள். அவள் தந்தையாரை அழைத்து, "பொதுத்தேர்வு முடியும் வரை இந்தக் கேரம் வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் என் சொல்லை வேதவாக்காகக் கொண்டார். தேர்வு முடிந்தது, நல்ல மதிப்பெண் பெற்றாள், பலகைக்கு அவள் திரும்பவே இல்லை. அவள் எவ்வளவு தூரம் போயிருப்பாள் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. தடையாக நின்றவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் வறுமையையும் தடையையும் சேர்த்து மதிப்பெண் போட எனக்கு உரிமையில்லை என்று கருதுகிறேன். கருணை மதிப்பெண் என்று ஒன்று உண்டு. நானே பலருக்கு இட்டிருக்கிறேன். அதை இளவழகிக்கு இடுவது அவரை இழிவுபடுத்துவதாகும். கான் நகரில் எதிரில் அமர்ந்தவர் எவரும் அவர் வீட்டின் அகலத்தை அளந்து காயை விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழ்நாட்டு வரிசை என்று பார்த்தால் இன்னொரு பெயரைத் தாண்டமுடியாது. சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் ஆண்களுக்கான உலகப் பட்டத்தை வென்றவர். ஒன்பது முறை தேசியப் பட்டம் பெற்றவர். 1996ஆம் ஆண்டுக்குரிய அர்ச்சுனா விருது கேரமுக்கு முதன்முதலாகக் கிடைத்தது அவரால்தான். தெருமுனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டதைச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்துக்கு ஏற்றியவர் அவர். உலகக் கேரம் கூட்டமைப்பு 1988இல் இதே சென்னையில்தான் தொடங்கப்பட்டது என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பொது அறிவுத் தேர்வில் கேட்டாலும் கேட்பார்கள்.

அடுத்துப் புதியவர்கள். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது பதினேழு. மறு ஆண்டு மாலத்தீவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வென்று திரும்பியவர் காசிமேட்டுக் கீர்த்தனா. வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை, காசிமேடு. மூன்று ஊரையும் மிதிவண்டியில் ஒரு காலைப்பொழுதில் சுற்றிவந்துவிடலாம். இந்தச் சிறு வட்டத்துக்குள் உலகை வென்ற பெண்கள் மூவர்! மூவரில் முதலில் சென்றவர் இளவழகி. அவர் செல்லும்போது, "இன்னார் மகள் போய் வென்று வந்தாளே" என்று தந்தையரிடம் எடுத்துக்காட்டாகச் சொல்ல இந்தப் பக்கத்தில் ஒரு பெண் பெயர் இல்லை. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு இருந்தது. இதற்கு நான் மதிப்பெண் தருவேன். இது கருணையாக இடுவதன்று. முதலில் வழி போட்டவருக்கு உரியது.

ஆகவே திருத்திய விடைத்தாள் இதுதான். உலகப் பெண்கள் வரிசையில் முதலிடம் ரஷ்மி குமாரிக்கு. இதில் எனக்கு இப்போது ஐயமில்லை. தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களில் ஆண் பெண் இருபாலாரையும் சேர்த்து முதலிடம் மரிய இருதயத்துக்கு. தமிழ்நாட்டுப் பெண்களில் இன்றுவரை முதலிடம் இளவழகிக்கு. உலகக் கோப்பையும் உலகப் போட்டியும் வேறு வேறு என்பதாலும், காசிமாவும் கீர்த்தனாவும் இன்னும் பல ஆண்டு ஆடப்போகிறவர்கள் என்பதாலும் அவர்கள் விடைத்தாளை நான் இப்போது மூடவில்லை. இந்தக் கடைசி முடிவை ஐந்தாண்டு கழித்து நீங்களே திருத்தவேண்டி வரலாம்.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை அண்மையில் எம்.கே.பி. நகர்ப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். என் புதிய வரிசையை அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மரிய இருதயம் ஆடியதை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா, ஐயா?" என்றாள். இல்லை என்றேன். இந்த முறை உடனே சொல்லிவிட்டேன். அதற்குள் அவளுடைய பேருந்து வந்துவிட்டது.