திண்ணையும் விலையும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் 'வீடு வாங்குதல்' என்னும் பொருளில் பேசவேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது நான் நகைத்துவிட்டேன். அசை, சீர், தளை பற்றிப் பேசுக என்றால் பொழுது சாயும்வரை பேசுவேன். ஆர், சென்டியார், பட்டா பற்றிப் பேசுக என்றால் தமிழாசிரியனாய் இருந்து ஓய்வு பெற்றவன் என்ன செய்வேன்? அதற்கு அவர் சொன்ன மறுமொழி என் நகைப்பை நிறுத்திற்று. "ஐயா, நம்முடையது ஒரு வீட்டை இழந்த வட்டம். அது எவ்வாறு கைநழுவிற்று என்பதை அறிந்தவர் தாங்கள் ஒருவரே. மலரில் அது இடம்பெற வேண்டும்" என்றார். ஆகவே பேசத் துணிந்தேன்.

குருசு என்பது சிலுவையைக் குறிக்கும் சொல். குப்பம் என்பது கடலோரத்து மீனவர் ஊர். குருசுக்குப்பத்தில், அலையோசை கேட்கும் தொலைவில், நான் இருபத்திரண்டு ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டைப் பழைய உறுப்பினர்கள் அறிவார்கள். தெருவோரம் தாழ்வாரம், அதை அடுத்துத் திண்ணை, உள்ளே முற்றம், பின்புறம் ஒரு கிணறு. நம் வட்டத்தின் முதற்கூட்டம் அத்திண்ணையில்தான் நடந்தது. இடப்புறம் மரபுக்கவிஞர்கள், வலப்புறம் புதுக்கவிஞர்கள், நடுவில் தேநீர்க் குவளைகள். ஆறு ஆண்டுகள் அவ்வாறே நடந்தது.

வீட்டுக்காரப் பெரியவர் மறைந்தார். அவர்தம் மக்கள் நால்வர். மூத்தவர் பிரான்சு நாட்டில் இருந்தார். ஏனைய மூவரும் இங்கேயே வாழ்ந்தனர். பாகம் பிரிப்பதற்கு வீட்டை விற்பதே வழி என்று முடிவாயிற்று. விற்கவேண்டிய காரணம் அவர்களுக்கு இருந்தது. குறிப்பாக, கைம்பெண்ணாகிய இளைய மகள் ஓர் அறுவை மருத்துவத்தை நாள் தள்ளி நாள் தள்ளி வைத்திருந்தார். விற்பவர் எல்லாரும் பேராசைக்காரர் என்று எண்ணி இவ்வுரையைக் கேளாதீர்கள் என்பதற்காகவே இதனை முதலில் சொல்கிறேன்.

விற்பவர் கை ஓங்கிய சந்தை என்று இதனைக் கூறலாம். நம் நகரில் அது எவ்வாறு உண்டாயிற்று? கிழக்கே கடல், அது விலைக்கு வராது. 1761இல் ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்ட புதுச்சேரி, 1765இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு மீண்ட பின் பழைய தெருக்களின் போக்கிலேயே மீண்டும் எழுந்தது. சுற்றிலும் புல்வார் சாலை அமைந்தது. அதனுள்ளும் அதை ஒட்டியும் உள்ள நிலம் அன்று எவ்வளவோ இன்றும் அவ்வளவே. வாங்க விரும்புவோர் தொகையோ பெருகிக்கொண்டே வருகிறது. 1962ஆம் ஆண்டு ஆகசுட்டு 16இல் இந்நிலம் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இங்குள்ளோர்க்கு வழங்கப்பட்டது. அவ்வாறு தேர்ந்து அந்நாட்டுப் படையிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்தோர் ஓய்வூதியத்துடன் திரும்பி வந்து பிறந்த மண்ணில் வீடு தேடுகின்றனர். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருவோர் வார இறுதிக்கென ஒரு வீடு தேடுகின்றனர். பழைய வீட்டை வாங்கி விருந்தினர் விடுதி ஆக்க விரும்புவோர் இவ்விரு சாராரையும் விஞ்சி நிற்கின்றனர். குடியிருக்க வாங்குபவன் தன் ஊதியத்தைக் கொண்டு விலையைக் கணக்கிடுகிறான். விடுதி நடத்த வாங்குபவன் அவ்வீடு ஈட்டப்போகும் வருவாயைக் கொண்டு கணக்கிடுகிறான். ஒரே திண்ணையை இருவேறு கோல்களால் அளந்தால் இருவேறு விலை வருவதில் வியப்பில்லை.

இருபத்திரண்டு ஆண்டு குடியிருந்தவன் என்ற முறையில் முதலில் என்னிடம் கேட்டார்கள். ஓய்வின்போது பெற்ற தொகை, மனைவியின் நகை, வங்கிக்கடன் ஆகிய மூன்றையும் கூட்டி, நான் கொடுக்கக்கூடிய உச்ச விலையை ஒரு குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். அவர்கள் சொன்ன விலை அதற்குச் சற்றே கீழிருந்தது. ஒப்புக்கொண்டேன். பத்து நாளில் தரகர் ஒருவர் வேறோர் ஆளை அழைத்துவந்தார். விலை ஆறு இலட்சம் ஏறிற்று. அடுத்த வாரம் மேலும் நான்கு. நான் குறித்த எல்லையை விலை கடந்தது. அன்றிரவு குறிப்பேட்டை எடுத்துப் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண் ஒன்றை எழுதினேன். மறுநாள் அதனையும் அடித்தேன்.

அன்பர்களே, இங்கேதான் நான் கற்ற முதற்பாடம் இருக்கிறது. போட்டியில் இறங்கியவன் ஒரு நிலைக்குப் பின் வீட்டுக்கு விலை கூறுவதில்லை. அதனை இழந்துவிடுவோமோ என்னும் அச்சத்திற்கு விலை கூறுகிறான். அவ்வச்சத்திற்கு உச்சவரம்பே இல்லை. எனவே எல்லையை, வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே, தன் வீட்டில், தன் மனைவி மக்களின் எதிரில் வகுத்துக்கொள்ள வேண்டும். தரகரின் எதிரில் வகுக்கக் கூடாது. என் மனைவி அக்குறிப்பேட்டைக் கையிலிருந்து வாங்கி, "முதலில் எழுதிய எண்தான் நம்முடையது" என்றார். அதன் பொருள் அன்று எனக்குக் கசந்தது.

ஆயினும் வீடு உடனே கைநழுவிவிடவில்லை. இளைய மகள் என் பக்கம் நின்றார். "வாத்தியார் ஐயாவுக்கே கொடுப்போம். அவர் நம் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்" என்று அண்ணன்மாரிடம் வாதாடி, விலையை என் எல்லைக்குச் சற்று அருகில் கொண்டுவந்தார். கடன் தரும் வங்கியின் வழக்கறிஞர் பத்திரங்களைக் கேட்டார். தாய்ப்பத்திரம் பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் எழுதியது. பிரெஞ்சு மொழியில் இருந்தது. அதனை மொழிபெயர்க்கச் செய்தோம். வில்லங்கச் சான்று பெற்றோம். பட்டா பெயரும் வாரிசுச் சான்றும் ஒத்திருந்தன. எஞ்சியது ஒன்றே. பிரான்சிலிருந்த மூத்தவர், தம் பாகத்தை விற்பதற்குத் தம்பிக்கு அளித்திருந்த அதிகாரப் பத்திரம் சில ஆண்டுகளுக்கு முந்தையது. "அவரிடமிருந்து புதிதாக ஒரு கடிதம் வாங்கித் தாருங்கள், அல்லது தொலைபேசியிலாவது அவரோடு ஒரு சொல் பேச வழிசெய்யுங்கள்" என்று கேட்டேன்.

அதிகாரப் பத்திரம் என்பது ஒருவர் தம் கையை மற்றவருக்கு இரவல் தருவது போன்றது. கொடுத்தவர் இறந்தால் பத்திரமும் அவரோடு இறந்துவிடும் என்பதே 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வகுத்துள்ள பொதுநெறி. பிள்ளைகள் கடல் கடந்து வாழும் நம்மைப் போன்ற ஊரில் இவ்வொரு விதியை அறிந்திருத்தல் நூறு அறிவுரைக்குச் சமம்.

தரகர் சினந்தார். "காசோடு ஆள் நிற்கும்போது கடுதாசி கேட்கிறீர்களே" என்றார். தம்பியும் மனம் சுளித்தார். பத்திரம் எதனையும் பாராமல், மூன்றே நாளில் பெருந்தொகையை முன்பணமாகத் தர ஒருவர் முன்வந்தார். வீடு அவருக்கு என்று முடிவாயிற்று. நான் காலி செய்தேன். கடைசிக் கூட்டத்தன்று நம் கவிஞர்களில் மூவர் என்மீது வெளிப்படையாகவே வருந்தினர். "ஒரு கடிதத்திற்காகத் திண்ணையை விட்டுவிட்டீர்கள்" என்று ஒருவர் கூறியது இன்றும் என் செவியில் உள்ளது.

பின்னர் நடந்ததைச் சுருங்கச் சொல்கிறேன். பத்திரப்பதிவுக்கு நாள் குறித்த வாரத்தில், மூத்தவர் பிரான்சில் ஒரு முதியோர் இல்லத்தில் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார் என்னும் செய்தி வந்தது. தம்பி அதனை அறியாதிருந்தாரா, அறிந்தும் மறைத்தாரா என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. அங்குள்ள மூத்தவரின் பிள்ளைகள் கையொப்பம் இன்றி அப்பாகம் விற்க இயலாதது ஆயிற்று. முன்பணம் தந்தவர் வழக்குத் தொடுத்தார். நான்கு ஆண்டுகளாக அவ்வீடு பூட்டிக் கிடக்கிறது. தாழ்வாரத்து ஓடுகள் சரிந்துவிட்டன. சென்ற ஆண்டு இளைய மகளை மருத்துவமனை வாயிலில் கண்டேன். "அன்றைக்கே அந்தக் கடிதத்தை வாங்கியிருந்தால் எனக்கு இந்த நிலை வந்திருக்காது ஐயா" என்றார். அறுவை மருத்துவத்தைக் கடன் பட்டுச் செய்துகொண்டார். அவசரத்தால் வாங்குபவன் மட்டும் கெடுவதில்லை. விற்பவரும் கெடுகின்றார் என்பதற்கு அவ்வம்மையாரே சான்று.

நம் முன்னோர் வாணிகத்தில் நடுவுநிலையை எவ்வளவு போற்றினர் என்பதை இவ்வவைக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, அவர்தம் செல்வத்தோடு நில்லாமல், தமக்கு உரியதற்கு மேல் கொள்ளாமையையும் பிறர்க்கு உரியதில் குறைக்காமையையும் புகழ்கிறார். திருவள்ளுவரோ நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளை வாணிகர்க்கே ஒதுக்கி, பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணச் சொல்கிறார். இவ்வறம் விற்பவர்க்கு மட்டும் உரியதன்று. நான் கடிதம் கேட்டது என் பணத்தைக் காக்க மட்டும் என்றே தரகர் எண்ணினார். மூத்தவரின் பாகத்தை அவர் அறியாமல் வாங்கிவிடக் கூடாது என்பதும் அதில் அடங்கியிருந்தது.

புதுவைக்கு வீடென்றால் இரு கவிஞர் நினைவுக்கு வருவர். 1908இல் இங்கு வந்த பாரதியார் 1918வரை வாழ்ந்தது வாடகை வீடுகளில். பராசக்தியிடம் காணி நிலமும் மாளிகையும் பாடிக் கேட்டவருக்கு இவ்வூரில் ஒரு குழி நிலமும் சொந்தமில்லை. குயில் பாட்டுக்குக் களமான முத்தியாலுப்பேட்டைத் தோப்பும் பிறருடையதே. வாடகை கேட்க வந்த விளக்கெண்ணெய்ச் செட்டியார் பாட்டைக் கேட்டுவிட்டு வாடகை கேளாமலே திரும்பிய செய்தியை அவர்தம் நண்பர்கள் வழி அறிகிறோம். இன்று ஈசுவரன் தருமராசர் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. பாவேந்தர் பாரதிதாசனோ, 1909 முதல் 37 ஆண்டுகள் ஆசிரியப் பணி ஆற்றியவர். ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன், 1945இல், பெருமாள் கோயில் தெருவில் 95ஆம் எண் வீட்டை வாங்கினார். அவருக்கு 25,000 ரூபாய்ப் பொற்கிழி வழங்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வீடும் இன்று நினைவகமே. வாடகைக்கு இருந்தவர் வீட்டுக்கும் வாங்கியவர் வீட்டுக்கும் நாம் ஒரே வணக்கத்தைத்தான் செலுத்துகிறோம். ஆனால் அன்றைய ஆசிரியர் ஒருவர் நகருக்குள் வீடு வாங்க முடிந்தது போல் இன்றைய ஆசிரியர் ஒருவர் வாங்க முடியுமா என்ற கேள்வியையும் நாம் விழுங்கிவிடக் கூடாது.

இனி என் கதையின் முடிவு. திண்ணையை இழந்தபின் நாம் சில மாதம் கடற்கரைச் சாலையின் கல்லிருக்கைகளில் கூடியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாளில் நான் கடலை நோக்கிய இன்னொரு வீட்டையும் பார்த்தேன். தெற்கே துறைமுகத்திற்காக 1980களின் இறுதியில் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், வடக்கு நோக்கிச் செல்லும் மணல் தடைப்பட்டு, நம் குப்பத்தின் கரை கரைந்து, கருங்கல் கொட்டிய வரலாறு நமக்குத் தெரியும். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையை விசாரித்தபோது, அவ்வீட்டின் பின்கட்டுக்கு முறையான ஒப்புதல் இல்லை என்று தெரிந்தது. அதனையும் விட்டேன். மூன்றாவதாகக் கண்டதுதான் இப்போதைய வீடு. வண்டி நுழையாத சந்து. கடற்காற்று இல்லை. விடுதிக்கு உதவாது என்று எல்லாரும் ஒதுக்கியதால் ஓராண்டாக விலை போகாமல் இருந்தது. பத்திரம் தூயது, விற்றவர் ஒருவரே. குறிப்பேட்டில் முதலில் எழுதிய எண்ணுக்குள் அடங்கிற்று. திண்ணை இல்லை. வாசற்சுவரை மூன்றடி உள்ளே தள்ளி, என் மனையிலேயே ஒரு திண்ணை கட்டினேன். பிறர் குறை என்று கண்ட அச்சந்தின் அமைதியில்தான் சென்ற திங்கள் வரை நம் கவிதைகள் அரங்கேறின.

இதனை வெற்றி என்று நான் கூறமாட்டேன். நாள்தோறும் காலை நடையின்போது அப்பழைய வீட்டைக் கடக்கிறேன். அன்று துணிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்னும் எண்ணம் எழாத நாளில்லை. துணிந்திருந்தால் நீதிமன்றப் படியில் நின்றிருப்பேன் என்று அறிவு சொல்கிறது. கிணற்றடியும் முற்றத்து நிலவும் வேறொன்று சொல்கின்றன. இரண்டையும் கேட்டுக்கொண்டே நடக்கிறேன்.

வீடு தேடும் இளைய கவிஞர்களுக்கு ஒன்று கூறி அமைகிறேன். சந்தையில் விற்பவர் கை ஓங்கியிருக்கும்போது பணத்தால் அவரை வெல்ல நம்மால் இயலாது. ஆயினும் கடன் ஒப்புதலை முன்கூட்டியே பெற்றுவையுங்கள். சொன்ன நாளில் பணம் கொடுங்கள். உரிமையில் குறை காணின் முன்பணம் திரும்பவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கையொப்பமிட வேண்டியவர் எத்தனை பேர், அவர்கள் எங்கே, உயிரோடு உள்ளனரா என்று கேளுங்கள். கேட்பதனால் வீடு போய்விடும் என்று எவரேனும் அச்சுறுத்தினால், போகட்டும் என்று விடும் ஆற்றலைப் பெறுங்கள். பொருளில்லாத நமக்கு அவ்வாற்றலே முதற்பொருள்.

வரும் ஞாயிறு மாலை வழக்கம்போல் சந்து வீட்டுத் திண்ணையில் கூடுவோம். வண்டிகளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.