ஒரே கிருமி, இரண்டு வாசல்கள்

(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எச்.ஐ.வி.யால் கணவரை இழந்த ஒரு சகோதரி எங்களிடம் கேட்டார்: "ஐயா, அவரிடமிருந்துதானே எனக்கும் வந்தது? அவர் போய்விட்டார், நான் நடமாடுகிறேன். என் பாவம் மட்டும் குறைச்சலா?" இறையியல் கல்லூரியில் படித்தது எதுவும் அன்று கைகொடுக்கவில்லை. ஜெபித்துவிட்டு வந்துவிட்டோம். அது போதாது என்று எங்களுக்கே உறுத்தியது. ஆய்வுகூடத்து டாக்டரிடம் போய் உட்கார்ந்தோம்.

இரத்த வெள்ளணுவுக்குள் நுழைய இந்தக் கிருமி முதலில் சி.டி.4 என்ற பிடியைப் பற்றுகிறது. அது மட்டும் போதாது, பக்கத்தில் ஒரு வாசலும் வேண்டும் என்று 1996இல் கண்டறிந்தார்கள். சி.சி.ஆர்.5 ஒரு வாசல், சி.எக்ஸ்.சி.ஆர்.4 மற்றொன்று. (பெயரை மறந்துவிடலாம், எங்களுக்கும் நாக்கு புரளவில்லை.) புதிதாகத் தொற்றும் கிருமி பெரும்பாலும் முதல் வாசலையே நாடும். ஆனால் அது தன்னைப் பிரதி எடுக்கையில் எழுத்துப்பிழைகள் விழும், திருத்துவார் இல்லை. அதன் மேலுறையில் சுமார் 35 அமினோ அமிலங்களாலான வளையம் ஒன்று உண்டு. அதில் ஓரிரண்டு மாறினாலே இரண்டாம் வாசல் திறந்துவிடக்கூடும். முன்பு தப்பிய அணுக்களும் அப்போது அகப்படும். எதிர்ப்புச் சக்தி வேகமாகச் சரிவதுண்டு. நம் நாட்டில் மிகுதியாகக் காணும் 'சி' வகையில் இம்மாற்றம், மேல்நாட்டு 'பி' வகையைவிடக் குறைவாம்.

2007இல் பெர்லினில், இரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் இருந்த டிமத்தி ரே பிரவுனுக்கு, பிறவியிலேயே முதல் வாசல் அமையாத ஒருவரின் இரத்த மூல அணுக்களைச் செலுத்தினார்கள். எச்.ஐ.வி. திரும்பவில்லை. எஸ்ஸென் நகரில் இன்னொருவருக்கும் அப்படியே செய்தார்கள். சில வாரங்களில் திரும்பிவிட்டது, இரண்டாம் வாசல் வழியாக! அவருக்குள் அந்த ரகமும் முன்பே சிறு அளவில் இருந்ததாம்.

அந்தச் சகோதரியிடம் மறுபடி போனோம். "அம்மா, காரணம் இதுதான் என்று டாக்டரும் அறுதியிடவில்லை. உடல்வாகு உண்டு, சிகிச்சை தொடங்கிய காலம் உண்டு, கிருமியின் ரகமும் உண்டு. பாவக்கணக்கு இதில் இல்லை" என்றோம். நெடுநேரம் அழுதார்.

பிரதி எடுப்பதை அடக்கினால் புதுப் பிழைகளும் அடங்கும். மாத்திரை செய்யும் வேலை அதுவே, நாள் தவறக்கூடாது. 2004 முதல் அரசாங்கம் அதை இலவசமாகத் தருகிறது. ஆனால் மையத்துக்குப் போய்வர பஸ்ஸுக்குக் காசில்லாமல் விட்டவர்களைக் கண்டிருக்கிறோம். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு அந்த டிக்கெட்டுக்குப் போகிறது. அந்தச் சகோதரியும் அதில்தான் போய் வருகிறார்.