பெற்றவளுக்கு மீட்பு உண்டா? – திருமயம் கருத்தரங்கத் தலைமை உரை



இந்தத் திருமயம் கோட்டையை 1687இல் எழுப்பியவர் மன்னர் கிழவன் சேதுபதி என்பார்கள். அவர் ஆட்சியில்தான் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் மறைப்பணியாளர் புனித அருளானந்தர் வெட்டுண்டார். அதற்குக் காரணம் இது: தடியத் தேவர் என்ற மறவர் தலைவர் நோய் தீர்ந்து அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்ட கடலாயி, சேதுபதியின் உறவுப்பெண், அரசரிடம் முறையிட்டாள். இதை வேதசாட்சியின் வரலாறாகவே படித்துவந்தோம். வீட்டை விட்டு அனுப்பப்பட்ட அந்தப் பெண்களின் மீட்பு என்னவாகும் என்ற கவலையோடும் இனிப் படிக்க வேண்டும்.

திருமுழுக்குப் பெற்றதில் நான் எங்கள் வீட்டின் முதல் ஆள். ஆகவே திருமுழுக்குப் பெறாத வீட்டாரின் மீட்பு பற்றிய இந்தக் கவலை எனக்கு ஏட்டுச் சரக்கு அல்ல.

நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார், பிறகு ஜப்பான் சென்று திரும்பி, 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தை ஆய்வாளர்கள் அறிவார்கள். இறந்துபோன தாய் தந்தையரை நரகத்திலிருந்து மீட்க வழி உண்டா என்று ஜப்பானின் புதுக் கிறிஸ்தவர்கள் அவரிடம் கேட்டார்கள். வழியில்லை என்றார். அவர்கள் அழுதார்கள், அதைக் கண்டு தமக்கும் வருத்தமாக இருந்ததை அவர் மறைக்கவில்லை. அதே கடிதத்தில் இன்னொரு விடையும் இருக்கிறது. கடவுள் ஏன் இவ்வளவு காலம் எங்களுக்குத் தம்மை அறிவிக்கவில்லை என்று கேட்டவர்களிடம், கொலையும் களவும் தீது என்று யாரும் கற்பிக்காமலே நீங்கள் அறிந்திருந்தீர்களே, அதுவே கடவுளின் சட்டம் என்கிறார். இந்த இரண்டாம் விடையை அவர் முதல் கேள்விக்குக் கொண்டுபோயிருந்தால் அந்த மக்கள் அவ்வளவு அழுதிருக்க வேண்டியதில்லை. புனிதரிடம் எனக்குள்ள பக்தி குறையாமலே இதைச் சொல்கிறேன்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாதவர், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, அருளின் துணையால் மனச்சான்றின்படி வாழ்ந்தால் மீட்படையலாம் என்று திருச்சபை பற்றிய கொள்கை விளக்கத்தின் 16ஆம் எண் கற்பிக்கிறது. ஆனால் நம் கவலை அங்கே தீர்வதில்லை. ‘என் அம்மாவிடம் நானே சொன்னேனே, கேட்டுவிட்டுத்தானே மாரியம்மன் கோவிலுக்குப் போனாள், அவள் அறியாதவளா?’ என்று நள்ளிரவில் மனம் கேட்கும்.

காதில் விழுந்ததெல்லாம் அறிந்ததாகாது. மகன் வேதத்தில் சேர்ந்தான் என்றபோது அவள் கண்டது என்ன? பொங்கலைத் தொடாத மகன். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க மாட்டேன் என்று நின்ற மகன். அவள் மறுத்தது கிறிஸ்துவையா, இந்த முகத்தையா? கடவுளின் உண்மை முகத்தை நம்பிக்கையாளர்களே மறைத்துவிடக்கூடும் என்று அதே சங்கம் 1965இல் இன்றைய உலகில் திருச்சபை பற்றிப் பேசும்போது ஒப்புக்கொண்டது. குற்றக் கணக்கைப் பெற்றவள் பெயரில் மட்டும் எழுத நமக்கு உரிமையில்லை. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று திருச்சபை எவரையும் பெயர் சொல்லித் தீர்ப்பிட்டதும் இல்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூமாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். பெற்றோரைச் சுடுகாட்டில் எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்தவர், வத்தியை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல், பொதுச் சிலுவையின் அடியில் நட்டுவிட்டு நகர்வார். பூசைக் கருத்து எழுதும்போது கருப்பாயி, காத்தான் என்று சொல்லத் தயங்கி, ‘இறந்த பெற்றோருக்காக’ என்று மட்டும் எழுதச் சொல்வார்கள். பெயரைச் சொல்லலாம், எந்தத் தடையும் இல்லை என்று பங்குத்தந்தையர் பீடத்திலிருந்தே அறிவிக்க வேண்டும்.

ஆய்வாளர்களிடம் ஒரு விண்ணப்பம். மதம் மாறியோர் எண்ணிக்கையை நிறையவே ஆராய்ந்துவிட்டோம். ஆவூர், ஓரியூர் வட்டாரங்களிலுள்ள முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்களிடம் போய், வீட்டில் மாறாமல் இருப்பவர்களுக்காக அவர்கள் எப்படிச் செபிக்கிறார்கள், யாரிடம் அதைச் சொல்லி அழுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இந்த இரண்டு நாள் அமர்வுகளும் அதற்கு ஒரு திட்டம் வகுக்கட்டும் என்று கூறி, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.