பறக்கிறவனுக்குக் கூரை எதுக்கு?

(தலைப்பு: பிள்ளைகளின் தொழிலைத் தீர்மானிக்க வேண்டியது பெற்றோரின் அனுபவமா? பிள்ளைகளின் ஆர்வமா?
'பிள்ளைகளின் ஆர்வமே' என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! அனுபவம், அனுபவம் என்று அனுபவித்துப் பேசி அமர்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! திரண்டிருக்கிற நாமக்கல் பெருமக்களே! 

எதிரணி அம்மையார் கேட்டார்கள்: 'லாரிக்காரர் பிள்ளைக்கு ஹெலிகாப்டர் எதுக்கு?' நல்ல கேள்விதான். கேட்ட ஊர் தப்பு! இந்த ஊர் ஆஞ்சநேயர் 18 அடி உயரத்துக்கு நிற்கிறாரே, தலைக்கு மேலே கூரை உண்டா? கிடையாது. பறக்கிறவனுக்குக் கூரை எதுக்கய்யா! (சிரிப்பு) நின்ற இடத்திலிருந்து எழும்பி, மலையைத் தூக்கிக்கிட்டு வந்து, நினைச்ச இடத்திலே இறங்கினாரு. அதுக்குப் பேரு விமானமா? ஹெலிகாப்டர்! (கைதட்டல்)

'அதிலும் பொம்பளப் புள்ளைக்கா?' என்றார்கள். சீவகசிந்தாமணியைப் புரட்டுங்கள். சச்சந்தன் ஒரு மயிற்பொறி செய்வித்தான். வலப்பக்கம் திருகினால் எழும். இடப்பக்கம் திருகினால் இறங்கும். அதை ஓட்டப் பழகியது யார்? நிறைமாதக் கர்ப்பிணி விசயை! ஆபத்து வந்த நாளில் தனியாகப் பறந்தாள். அந்தப் பொறி இறங்கிய சுடுகாட்டிலேதான் சீவகன் பிறந்தான். 'பொம்பளைக்கு எதுக்கு?' என்று அன்றைக்கு ராஜா கேட்டிருந்தால் காப்பியமே கிடையாது!

சரி, கதையை விடுவோம். என் மாணவி ஒருத்தி, திருச்செங்கோட்டுப் பக்கம். அப்பா போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். ஒருநாள் என்னிடம் வந்தார். "ஏனுங்கய்யா, புள்ள ஹெலிகாப்டர் ஓட்டோணும்னு ஒத்தக்கால்ல நிக்குதுங்க. காட்டை அடமானம் வெச்சுப் படிக்க வெச்சு, நாளைக்கு வேலை கிடைக்கலீன்னா என்னங்க பண்றது?"

அந்தக் கவலையை நான் கேலி செய்ய மாட்டேன். அது நியாயமான கவலை. வணிக உரிமத்துக்கு 150 மணி நேரம் ஹெலிகாப்டரில் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் பணம். உரிமம் வந்ததும் வேலை வந்துவிடாது, 'அனுபவம் எங்கே?' என்பார்கள். இங்கே அந்தத் தொழிலில் இருக்கிறவர்களில் பெரும்பாலோர் ராணுவத்திலிருந்து வந்தவர்கள்.

ஆனால் அந்தப் பெண் அப்பாவிடம் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "அப்பா, நீங்க தரையிலே போர் போடறீங்க. மும்பைக் கடலுக்குள்ளே எண்ணெய்க்குப் போர் போடறாங்களே, அந்த ஆளுகளை யாருங்கப்பா கொண்டுபோய் இறக்குறது? ஹெலிகாப்டர்தானுங்க!" (கைதட்டல்) உண்மைதான். 1985-ல் தொடங்கிய பவன் ஹன்ஸ் நிறுவனத்தின் முதல் பெரிய வேலையே அந்தக் கடல் பயணம்தான்.

அடமானம் இல்லாத வழியையும் அவளே கண்டுபிடித்தாள். விமானப்படையில் தேர்வானால் அரசாங்கமே பறக்கக் கற்றுக்கொடுக்கும், சம்பளத்தோடு! 1999 கார்கில் போரில் சீட்டா ஹெலிகாப்டரை ஓட்டிய குஞ்சன் சக்சேனா பெண்தானே? கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி எங்கே இருக்கிறது? நம்ம அரக்கோணத்திலே! சேவை முடித்து வெளியே வருகிறபோது, எதிரணி கேட்கிற அந்த அனுபவம் கையிலே இருக்கும்.

எதிரணித் தலைவர் கேதார்நாத்தைச் சொன்னார். 2025 ஜூன் 15, ஏழு உயிர்கள். அதில் விமானியும் ஒருவர். அதைக் கேட்டு எந்தப் பெற்றவருக்கும் வயிறு கலங்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொழில் என்ன கற்றுக்கொடுக்கிறது தெரியுமா? இடது கை ஏற்றி இறக்க, வலது கை திசை சாய்க்க, இரண்டு காலும் மூக்கைத் திருப்ப. நாலுக்கும் ஒரே நேரத்தில் வேலை! என்ஜின் நின்றுபோனால்? கைப்பிடியைச் சட்டென்று தாழ்த்தணும். கீழிருந்து வருகிற காற்றே மேல்விசிறியைச் சுழற்றும். தரைக்கு அருகே வந்ததும் அந்தச் சுழற்சியைச் செலவழித்து மெல்ல இறக்கணும். விழுகிற காற்றையே பிடிமானமாக்குகிற வித்தை! அதற்கும் மேலே ஒரு பாடம்: மேகம் மூடினால், யார் அவசரப்படுத்தினாலும் 'இன்றைக்குப் பறக்க மாட்டேன்' என்று சொல்லும் துணிச்சல். ஆர்வம் இல்லாமல், அப்பாவுக்காக ஓட்டுகிறவனுக்கு அந்தத் துணிச்சல் வருமா? வராது நடுவர் அவர்களே!

கடைசியாக ஒன்று. நாமக்கல் பெருமக்களே! இது வானம் பார்த்த பூமி. உங்களில் எத்தனை பேருடைய தாத்தா, ஏரை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்? அன்றைக்கு அவருடைய அப்பா, 'நம்ம பரம்பரையிலே லாரி ஓட்டினவன் உண்டா?' என்று தடுத்திருந்தால் இந்த ஊரிலே பாடி கட்டும் பட்டறை உண்டா, டேங்கர் உண்டா? தாத்தா அனுபவத்தை மீறியதால்தான் உங்களுக்கு இன்றைக்கு அனுபவம் இருக்கிறது! (பலத்த கைதட்டல்)

பெற்றோரின் அனுபவம் பிரேக் போல. வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் பிரேக்கை மிதித்துக்கொண்டே எந்த வண்டியும் ஊர் போய்ச் சேராது. வழி சொல்லட்டும் அனுபவம். ஊரைத் தீர்மானிக்கட்டும் பிள்ளையின் ஆர்வம் என்று கூறி, நல்ல தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன்.