வில்லையும் கையொப்பமும்

வங்கியில் கொணர்வோர் காசோலை என்று ஒன்று உண்டு. அதை யார் கொண்டுவந்து நீட்டினாலும் பணம் கிடைக்கும். வழியில் தவறவிட்டால் கண்டெடுத்தவன் பாடு கொண்டாட்டந்தான்.

கைப்பேசிச் செயலி ஒன்றில் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்து நுழைந்தபின், அது அடிக்கடி அதைக் கேட்பதில்லை அன்றோ? தொலைவிலுள்ள வழங்கி அதற்கு ஓர் அனுமதி வில்லையைத் தந்திருக்கிறது. ஒவ்வொரு வேண்டுகோளுடனும் செயலி அதைக் காட்டுகிறது. இதைக் காட்டும் முறையை 2012 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 6750 என்னும் ஆவணம் வகுத்தது. அதிலுள்ள பெயரே 'பேரர் டோக்கன்', அதாவது கொணர்வோர் வில்லை. காசோலையின் குறை இதற்கும் உண்டு. வழிப்பயணத்தில் மறையாக்கம் காக்கும். ஆனால் திருட்டு பெரும்பாலும் வழியில் நிகழ்வதில்லை. வழங்கியின் பதிவேட்டிலோ, உலாவியில் புகுந்த தீய நிரலிலோ வில்லை பறிபோகிறது.

முன்னர் இவ்வாறில்லை. 2010இல் ஆவணமான ஓஆத் முதற்பதிப்பு, வேண்டுகோளுக்குக் கையொப்பமிடும் முறையைக் கொண்டிருந்தது. ஓரெழுத்துப் பிசகினாலும் கையொப்பம் பொருந்தாது, நிரலர்கள் அலுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பதிப்பு அதைக் கைவிட்டது. எளிமைக்குக் கொடுத்த விலை சற்று அதிகம் என்பது என் கருத்து.

2023 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 9449 கையொப்பத்தை வேறு வடிவில் மீட்டது. அதன் பெயர் டீபாப். செயலி இரு திறவுகோல்களை ஆக்கிக்கொள்கிறது. அந்தரங்கத் திறவுகோலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பொதுத் திறவுகோலை வழங்கிக்குக் காட்டுகிறது. வழங்கி பொதுத் திறவுகோலின் சுருக்கத்தை, விரல்ரேகை பதிப்பதுபோல, வில்லையோடு பிணைத்துவிடுகிறது. பிறகு ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் செயலி ஒரு சிறு சான்று எழுதுகிறது. எந்த முகவரிக்கு, எந்தச் செயலுக்கு, எந்நேரத்தில், எந்த வில்லைக்கு என்பவற்றோடு திரும்ப வாராத ஓர் எண்ணையும் சேர்த்து அந்தரங்கத் திறவுகோலால் ஒப்பமிடுகிறது.

திருடன் வில்லையை மட்டும் கவர்ந்தால் ஒப்பமிட வகையின்றித் திகைப்பான். சான்றையும் சேர்த்துக் கவர்ந்தாலோ? அது வேறு முகவரிக்குப் பொருந்தாது. நேரம் கடந்தால் செல்லாது. வழங்கி அவ்வெண்ணை நினைவில் வைத்திருந்தால் இரண்டாம் முறையும் செல்லாது. முன்கூட்டியே சான்றுகளை எழுதிக் குவித்து எடுத்துச் செல்வதைத் தடுக்க, வழங்கி தானே ஒரு புதுச்சொல்லைக் கொடுத்து 'இதைச் சேர்த்து எழுதுக' எனலாம்.

எனினும், சான்று முகவரியைச் சொல்கிறதேயன்றிக் கடிதத்தின் உள்ளடக்கத்தைச் சொல்வதில்லை. நூறு ரூபாய் அனுப்பச் சொன்னது ஆயிரமாகத் திருத்தப்பட்டால் டீபாப் அறியாது. அதற்கு 2024 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 9421 வழி சொல்கிறது; உள்ளடக்கத்தின் சுருக்கத்தையும் கையொப்பத்துள் அடக்கலாம். பணம் கைமாறும் இடங்களில் இதையும் கேட்பேன். இன்னொன்று: தீய நிரல் செயலிக்குள்ளேயே குடிபுகுந்தால், திறவுகோலை எடுத்துச்செல்ல இயலாவிடினும், அங்கிருக்கும்வரை அதைக்கொண்டே ஒப்பமிடச் செய்யும். இதற்கு டீபாப்பில் மருந்தில்லை.