முதல் தட்டு யாருக்கு?

(நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் அல்ல. மெட்ரிக் வரை படித்து, ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவன். பிரசவத்தைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். ஒரே தகுதிதான் உண்டு. 1995-இல் என் அக்காள் இரண்டாவது பிரசவத்தில் இறந்தாள். குழந்தை பிறந்தது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. விதி என்று சொல்லி எடுத்துப் போனோம்.

அது விதி அல்ல என்று பிறகுதான் புரிந்தது. எங்கள் வீட்டில் முதலில் அப்பா சாப்பிடுவார். அடுத்து பையன்கள் நாங்கள். கடைசியில் சட்டியை வழித்து அக்காள். மாசமாக இருந்தபோதும் அதே வரிசைதான். மீன் துண்டு என் தட்டில் விழுந்தது. அவளுக்கு வெறும் குழம்பு.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை. 7-க்குக் கீழே போனால் பெரும் ஆபத்து. நல்ல ரத்தம் உள்ளவள் தாங்கும் ரத்தப்போக்கு, சோகை பிடித்தவளின் உயிரையே கொண்டுபோகும். சிறு வயது முதல் அரை வயிறு உண்டு வளர்ந்தவளுக்கு இடுப்பெலும்பு குறுகி, பிள்ளை வழியில் சிக்கலாம். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்தும் கூடுகிறது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நூறு கர்ப்பிணிகளில் 52 பேருக்குச் சோகை. 2018-20 அரசுக் கணக்கில், உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார்கள் மாண்டார்கள். கேரளத்தில் 19, அசாமில் 195. விதி என்றால் ஓர் ஊருக்கு 19 என்றும் இன்னோர் ஊருக்கு 195 என்றுமா எழுதும்? சோறும் மருத்துவமும் எட்டும் இடத்தில் தாய் பிழைக்கிறாள்.

தோழர்களே, 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிக்கும் பிரசவித்து ஆறு மாதம் வரை தாய்க்கும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு தரச் சொல்கிறது. 6,000 ரூபாய்க்குக் குறையாத பேறுகாலப் பணமும் தரச் சொல்கிறது. ஆனால் 2017-இல் வந்த திட்டமோ முதல் பிள்ளைக்கு மட்டும் என்று, 5,000 ரூபாயோடு நின்றது. 2022 முதல் இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் மட்டும் 6,000. இரண்டாவது ஆண் பிள்ளையைச் சுமந்தவளுக்குப் பசிக்காதா? இதை நாம் கேட்டே தீர வேண்டும்.

கிடைப்பதையாவது வாங்குகிறோமா? அங்கன்வாடியில் மராத்தி பேசுகிறார்கள் என்று கூசி வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். இனி எந்த வீட்டில் யார் மாசமானாலும் சங்கத்தில் சொல்லுங்கள். மொழி தெரிந்த தோழியர் கூட வருவார்கள்.

வீட்டிலும் வேலை இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை 180 நாள் விடாமல் கொடுங்கள். டீயோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், சத்து உடம்பில் சேராது. பிள்ளை பெருத்துவிடும் என்று சோற்றைக் குறைக்காதீர்கள். முட்டை, பருப்பு, கீரை, கேழ்வரகு, இயன்றபோது மீன் கொடுங்கள். எங்கள் ஆபீசில் எடை போடாமல் ஒரு பார்சல்கூட வண்டி ஏறாது. இரண்டு உயிரைச் சுமப்பவளை மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டாமா?

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. இன்று ராத்திரி உங்கள் வீட்டில் முதல் தட்டு கர்ப்பிணிக்குப் போகட்டும். என் அக்காளுக்கு நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள்.