வென்றவர் யார் என்று எழுதியவர் யார்?



தாத்தா இரட்டைமலை சீனிவாசன் நினைவாகத் திண்டுக்கல்லில் கூடியிருக்கிறோம். அவரும் பங்கேற்ற ஒரு விவாதத்தைப் பற்றியே பேசுவோம். 1931, லண்டன், இரண்டாம் வட்டமேசை மாநாடு. தீண்டப்படாதோரின் பிரதிநிதி தாமே என்றார் காந்தி. அண்ணல் அம்பேத்கர் நேருக்கு நேர் மறுத்தார். எங்கள் பிரதிநிதியை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அண்ணலும் தாத்தாவும் கூட்டாக மனுவும் கொடுத்தார்கள். 1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு இரட்டை வாக்குரிமையைத் தந்தது.

வாதத்தில் வென்றவர் யாரென்று இதற்கு மேலும் கேட்க வேண்டுமா? ஆனால் தேசியப் பத்திரிகைகள் பலவற்றில் அண்ணல் துரோகி ஆனார். செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கியதும் கேள்வியே மாறிவிட்டது. 'பிரதிநிதியை யார் தேர்ந்தெடுப்பது?' என்பது போய், 'மகாத்மாவின் உயிரைக் காப்பாற்றுவாரா, மாட்டாரா?' என்றானது. கேள்வியை மாற்றினால் போதும், வென்றவரும் மாறிவிடுவார். இந்த வித்தையைத் தொலைக்காட்சி கண்டுபிடிக்கவில்லை.

செப்டம்பர் 24, பூனா ஒப்பந்தம். 148 இடங்கள் கிடைத்தன, சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. இரட்டை வாக்குரிமை போயிற்று. அதன் மிச்சத்தைப் பார்க்க லண்டன் போக வேண்டியதில்லை, நம் நிலக்கோட்டைக்குப் போனால் போதும். தனித்தொகுதி, வேட்பாளர் நம்மவர்தான். அவர் வெற்றியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மற்றவர்களின் வாக்கு. அவர் யாருக்கு அஞ்சிப் பேசுவார்?

அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் அனைவரும் சென்னைப் பிராமணர்களே என்று 1945இல் அண்ணல் எழுதினார். பழைய கதை என்பார்கள். 2019இல் ஆக்ஸ்பாம், நியூஸ்லாண்டரி ஆய்வு செய்தி நிறுவனங்களின் 121 தலைமைப் பொறுப்புகளைக் கணக்கெடுத்தது. 106 இடங்களில் உயர்சாதியினர். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள் என்று நாம் சொல்லவில்லை. எது கேள்வி, எது கூச்சல் என்று முடிவெடுக்கும் அறையில் நாம் இல்லை என்கிறோம்.

இன்றிரவு விவாத நிகழ்ச்சி பார்ப்போம். யார் வென்றார் என்று நெறியாளர் சொல்வதற்கு முன், முதலில் கேட்ட கேள்வி என்ன, எந்த இடத்தில் அது மாறியது, யார் பேச்சு எத்தனை முறை வெட்டப்பட்டது என்று ஒரு தாளில் குறித்து வைப்போம். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாள்களோடு வாருங்கள். சேர்த்து வைத்துப் பேசுவோம்.